இரண்டு அடி வாங்கிய ரூபாய்

சிட்லபாக்கம், சென்னை-64
11-2-1990

மதிப்பிற்குரிய யேசுதாசன் அவர்களுக்கு,

வணக்கம். என் பெயர் திரிபுரசுந்தரி. தாம்பரத்தில் டெலிபோன் ஆபரேட்டராக இருக்கிறேன். நாணயச் சங்கத்தின் காலாண்டிதழில் நீங்கள் எழுதிய கட்டுரையைப் படித்தேன். ‘எரர் காசு, அதாவது அடிக்கும்போது பிழை நேர்ந்த காசு என்று வாசகர்கள் அனுப்புகிறவற்றில் முக்கால்வாசி, தேய்ந்த அச்சில் அடித்த சாதாரணக் காசுகள்தாம்’ என்று எழுதியிருந்தீர்கள். படித்ததும் எனக்குக் கோபம் வந்தது. மீதிக் கால்வாசியைச் சேர்ந்தது ஒன்று என்னிடம் இருப்பதால் வந்த கோபம்.

போன மாதம் மார்க்கெட்டில் முருங்கைக்காய் வாங்கியபோது மீதிச் சில்லறையாக வந்தது. 1989-ஆம் வருடத்து ஒரு ரூபாய். சிங்கப் பக்கத்தில் ‘இண்டியா’ என்ற ஆங்கில எழுத்துகள் ஒவ்வொன்றுக்கும் பின்னால் இன்னொரு எழுத்து நிற்கிறது. மறுபக்கம் கோதுமைக் கதிரும் அப்படியே, இரண்டு இரண்டாக. லென்ஸ் வைத்துப் பார்த்துவிட்டேன். என் கண்ணில் கோளாறு இல்லை.

நீங்கள் பார்த்துச் சொன்னால் சங்கத்தில் யாரும் மறுக்க மாட்டார்கள் என்கிறார்கள். ஆனால் முன்பின் தெரியாதவருக்குக் காசை அனுப்பத் தயக்கமாக இருக்கிறது. போன காசே திரும்பி வந்தது என்று நான் எப்படித் தெரிந்துகொள்வது? தவறாக நினைக்காதீர்கள். சங்கத்தில் இப்படி நடந்திருப்பதாகக் கேள்விப்பட்டேன்.

இப்படிக்கு,
திரிபுரசுந்தரி


படப்பை
18-2-1990

அம்மையீர்,

தங்கள் கடிதம் கிடைத்தது. தவறாக நினைக்க வேண்டாம் என்று எழுதிவிட்டுத் தவறாக நினைக்கும்படியே எழுதியிருக்கிறீர்கள். பரவாயில்லை. எனக்கும் ஒரு சந்தேகம் இருக்கிறது, நானும் நேராகவே கேட்டுவிடுகிறேன். போன வருடம் ஒருவர் பெண் பெயரில் எழுதி, என்னிடமிருந்து நல்ல காசுகளை வாங்கிக்கொண்டு காணாமல் போனார். விசாரித்தால் அவர் மீசை வைத்த ஆசாமி. வீட்டில் நானும் என் அக்கா தபீதாளும்தான். உங்கள் கடிதத்தை அவளிடம் காட்டினேன். “இதுவும் எவனோ ஆம்பள தாண்டா. பொம்பள எவ லென்ஸ் வச்சிகினு காசப் பாப்பா?” என்கிறாள். தாங்கள் பெண்தானா?

இனி விஷயம். நான் இங்கே உயர்நிலைப் பள்ளியில் கணக்கு ஆசிரியன். பாடம் எடுக்கிற தொனி வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கைமாறிக் கைமாறித் தேய்ந்த காசில் மேடுதான் தேயும். பள்ளத்தில் ஒன்றும் ஆகாது. அச்சே தேய்ந்திருந்தால் கதை வேறு. எழுத்தின் ஓரங்கள் ஊறிய பயறு மாதிரி உப்பிவிடும். எழுத்திலிருந்து விளிம்பு வரை, மழைத் தண்ணீர் ஓடிய மண்ணில் இருப்பதுபோல மெல்லிய கோடுகள் ஓடும். அந்த உப்பல்தான் பலருக்கு இரட்டை எழுத்தாகத் தெரிகிறது. பெரும்பாலும் ஒரு பக்கத்தில், சில எழுத்துகளில் மட்டும் இருக்கும்.

உண்மையான இரட்டை அடி என்பது விபத்து. அடித்த காசு வெளியே விழாமல் அச்சுக்குள்ளேயே கொஞ்சம் திரும்பி நின்று இன்னோர் அடி வாங்கிவிடும். முதல் அடியின் உருவம் நசுங்கி, இரண்டாவதற்குக் கீழே தெரியும். இரண்டு பக்கத்திலும் தெரியும். சுற்றிலும் ஒரே அளவு திரும்பியிருக்கும்.

இன்னொன்று. தேய்ந்த அச்சு ஒரு காசோடு நிற்காது; அதே உப்பலோடு ஆயிரக்கணக்கில் அடித்துத் தள்ளும். அப்படிப்பட்ட காசுக்கு உடன்பிறந்தவர்கள் எங்கேயாவது இருப்பார்கள். இரட்டை அடி அந்த ஒரே ஒரு காசுக்கு நேர்ந்தது.

அனுப்புவதானால் ரிஜிஸ்டர் தபாலில் அனுப்புங்கள். அனுப்பாவிட்டாலும் எனக்கு நஷ்டமில்லை.

தங்கள்,
ச. யேசுதாசன்


சிட்லபாக்கம்
4-3-1990

ஐயா,

நான் பெண்தான். மீசை இல்லை. உங்கள் அக்காவிடம் சொல்லுங்கள், பெண்களுக்கும் லென்ஸ் விற்கிறார்கள்.

உங்கள் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு காசை மறுபடி பார்த்தேன். நீங்கள் சொன்ன எல்லாம் இருக்கிறது. இரண்டு பக்கமும் இருக்கிறது, ஒரே அளவு திரும்பி இருக்கிறது. சிங்கத்தின் முகத்துக்குப் பக்கத்தில் நசுங்கிய இன்னொரு முகம். முன்பு அது அழுக்கு என்று நினைத்திருந்தேன். எழுந்து இரண்டு முறை வீட்டுக்குள் நடந்துவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

காசு தனியாக ரிஜிஸ்டரில் வருகிறது. என் அண்ணன் சாம்பசிவன் வங்கியில் காசாளர். அப்பா போனபின் என்னை வளர்த்தவர் அவர்தான். இந்தக் காசு பார்க்கிற பழக்கமே அவருக்குப் பிடிக்காது. என்னைப் பெண் பார்க்க வருகிறவர்கள் பெண்ணுக்கு என்ன பொழுதுபோக்கு என்று கேட்டால் பாட்டு என்றுதான் சொல்வார். ஆனால் இந்த முறை ஆச்சரியமாக, “தபால்ல காசை அப்படியேவா போடுவாங்க? குடு, நானே கெட்டியா பேக் பண்ணி, பேங்க் பக்கத்து போஸ்ட் ஆபீஸ்ல ரிஜிஸ்டர் பண்ணிடறேன்” என்றார். உடனே எடுத்துக் கொடுத்துவிட்டேன்.

சீக்கிரம் பதில் எழுதுங்கள்.

திரிபுரசுந்தரி


படப்பை
14-3-1990

அன்புள்ள திரிபுரசுந்தரி அவர்களுக்கு,

காசு பத்திரமாக வந்தது. மூன்று நாள் வைத்திருந்து பகல் வெளிச்சத்தில் பார்த்தேன். நல்ல சேதி சொல்ல வேண்டும் என்றுதான் ஆசைப்பட்டேன்.

இது இரட்டை அடி இல்லை. ‘இண்டியா’ எழுத்துகள் தடித்து உப்பியிருக்கின்றன, அவ்வளவுதான். பின்னால் தனி எழுத்து ஒன்றும் இல்லை. விளிம்பு நோக்கி ஓடும் கோடுகள் தெளிவாக இருக்கின்றன. சிங்கத்தின் பீடத்துக்குக் கீழே ஊசிமுனை அளவு ஒரு மேடு. அச்சில் சில்லு பெயர்ந்த பள்ளத்தில் உலோகம் புகுந்து வந்தது. நன்றாகத் தேய்ந்த அச்சின் அடையாளம். மறுபக்கம் கதிர்கள் சுத்தமாக, ஒற்றையாகவே இருக்கின்றன.

நசுங்கிய முகத்தைப் பற்றி எழுதியிருந்தீர்கள். எவ்வளவு தேடியும் எனக்குத் தெரியவில்லை. ஆசையோடு பார்க்கும்போது சில சமயம் இல்லாததும் தெரியும். எனக்கே நடந்திருக்கிறது.

காசை இத்துடன் ரிஜிஸ்டரில் திருப்பி அனுப்புகிறேன். சோர்ந்துவிடாதீர்கள். உங்களைப்போல் கவனித்து எழுதுகிறவர்கள் சங்கத்தில் குறைவு.

அன்புடன்,
யேசுதாசன்


சிட்லபாக்கம்
22-3-1990

யேசுதாசன் அவர்களுக்கு,

நீங்கள் திருப்பி அனுப்பியது என் காசு இல்லை.

கதிர் ஒற்றையாக இருக்கிறது என்று எழுத எவ்வளவு துணிச்சல்! என் காசில் அது இரண்டு. பீடத்துக்குக் கீழே நீங்கள் சொல்லும் மேடு என் காசில் கிடையவே கிடையாது. வேறு ஒரு தேய்ந்த அச்சுக் காசைத் தேடிப்பிடித்து வைத்து, அதற்குப் பொருத்தமாக ஒரு பாடமும் எழுதி அனுப்பியிருக்கிறீர்கள். ஆசையினால் இல்லாதது தெரிகிறதாம்!

முதல் கடிதத்திலேயே எனக்குச் சந்தேகம் இருந்தது. உங்கள் எழுத்தைப் படித்து அதை விட்டுவிட்டேன். அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. “நான் அப்பவே சொன்னேன் சுந்தரி, யாரோ எவரோன்னு. இத்தோட விட்டுடு” என்கிறார் அண்ணன்.

விடுவதாக இல்லை. சங்கச் செயலாளர் பொன்னுரங்கம் அவர்களுக்கு எழுதிவிட்டேன்.

திரிபுரசுந்தரி


படப்பை
8-4-1990

அம்மையீர்,

வந்ததைத்தான் திருப்பி அனுப்பினேன். இதற்குமேல் எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

பொன்னுரங்கம் விளக்கம் கேட்டு எழுதியிருக்கிறார். அதுவரை என் கட்டுரைகள் இதழில் வராது. அதைப் பொறுத்துக்கொள்வேன். ஆனால் என் தலைமையாசிரியருக்கும் ஏன் எழுதினீர்கள்? அதுவும் கையெழுத்துப் போடாமல்! ‘உங்கள் ஆசிரியர் காசு பார்க்கிறேன் என்று குடும்பப் பெண்களுக்குக் கடிதம் எழுதி, அவர்கள் பொருளை வாங்கி ஏமாற்றுகிறார்’ என்று இருந்தது. அறைக்குக் கூப்பிட்டு அதை மேசைமேல் வைத்தார். “என்ன சார் இது? நான் நம்பல. ஆனா ஸ்கூல் கமிட்டிக்குப் போச்சுன்னா என் கையில ஒண்ணுமில்ல” என்றார். பன்னிரண்டு வருட சர்வீஸ். ஆசிரியர் அறையில் நான் நுழைந்தால் பேச்சு நிற்கிறது. தபீதாள் அக்கா, “காசு பாக்கறேன் காசு பாக்கறேன்னு மானம் போய்க்கினு கீது. நல்லாப் பாரு” என்று சொல்லிவிட்டு அழுதாள்.

இப்போது என் சந்தேகத்தையும் கேளுங்கள். நீங்கள் சொன்ன காசு உங்களிடம் இருந்ததே இல்லை என்று சில நாள் நினைத்தேன். என்மீது பழி போடத்தான் எல்லாம் என்று. ஆனால் நசுங்கிய முகத்தைப் பற்றி நீங்கள் எழுதிய வரிகளைக் கற்பனையாக எழுத முடியாது. அப்படி எழுத, அதைப் பார்த்திருக்க வேண்டும்.

அதனால் வேறு ஒன்று செய்தேன். எனக்கு வந்த காசுக்கு உடன்பிறந்தவர்களைத் தேடினேன். இங்கே மளிகைக்கடை, பஸ், சந்தை, பள்ளிக் கட்டணம் என்று கையில் வந்த எல்லா ரூபாயையும் பார்த்தேன். அந்த உப்பலும் அந்த மேடும் உள்ளது ஒன்றுகூட இல்லை. நீங்களும் உங்கள் பக்கத்தில் தேடிப் பாருங்கள். வெளியே தேடுவதற்கு முன் வீட்டில் தேடுங்கள். இதைக் கோபத்தில் எழுதவில்லை.

யேசுதாசன்


தாம்பரம்
29-4-1990

யேசுதாசன் சார்,

இதை ஆபீஸில் உட்கார்ந்து எழுதுகிறேன். என் தோழி அருள்மேரி தபாலில் சேர்ப்பாள். இனி வீட்டு விலாசத்துக்கு எழுதாதீர்கள். காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

உங்கள் தலைமையாசிரியருக்கு நான் எழுதவில்லை. உங்கள் பள்ளியின் பெயர்கூட எனக்குத் தெரியாது. அந்த இடத்தில்தான் எனக்கு முதல் சந்தேகம் வந்தது. பள்ளி எது என்று தேடிக் கண்டுபிடிக்கும் அளவுக்கு உங்கள்மேல் யாருக்கு அக்கறை?

‘வீட்டில் தேடுங்கள்’ என்ற வரியைப் படித்து உங்களை வாய்க்கு வந்தபடி திட்டினேன். திட்டிக்கொண்டேதான் போய்த் தேடினேன். சமையலறையில் சாவித்ரி அண்ணி பால்காரருக்கும் பூக்காரிக்கும் கொடுக்கச் சில்லறை போட்டு வைக்கும் டப்பா இருக்கிறது. அதைத் தரையில் கொட்டினேன். ஒரு கை அள்ளுகிற அளவுக்கு ஒரே மாதிரிக் காசுகள் கிடந்தன. எல்லாம் 1989. எல்லாவற்றிலும் உப்பிய எழுத்து. எல்லாவற்றிலும் பீடத்துக்குக் கீழே அந்த மேடு. லென்ஸ் எடுக்கக்கூடத் தேவைப்படவில்லை.

“என்ன சுந்தரி, சில்லறையெல்லாம் கொட்டிட்டே?” என்றார் அண்ணி.

“இது எங்கேர்ந்து வந்தது அண்ணி?”

“உங்க அண்ணா பேங்க்லேர்ந்து மாத்திக்கிட்டு வந்தார், மாசி மாசக் கடைசியில. புதுக்காசு மூட்டை பிரிச்சாங்களாம். ரெண்டு நாளா ஒவ்வொண்ணா திருப்பித் திருப்பிப் பாத்துக்கிட்டிருந்தார். உனக்காகத் தேடறார்னுதான் நான் நினைச்சேன்.”

அண்ணன் வந்ததும் காசுகளை அவர் முன்னால் வைத்தேன். மறுக்கவில்லை. சட்டையைக் கழற்றாமலே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

“அவன் யாரு சுந்தரி? படப்பையில ஒரு வாத்தியார். நமக்கும் அவனுக்கும் என்ன?”

“காசைப் பத்தி எழுதறார் அண்ணா. வேற ஒண்ணும் இல்ல.”

“காசைப் பத்தி எவனாவது மூணு பக்கம் எழுதுவானா?”

எனக்கு அப்போதுதான் உறைத்தது. உங்கள் கடிதம் எத்தனை பக்கம் என்று அவருக்கு எப்படித் தெரியும்? கேட்டேன். நீங்கள் எழுதியதையெல்லாம் நான் பார்ப்பதற்கு முன்பே பிரித்துப் படித்துவிட்டு மறுபடி ஒட்டி வைத்திருக்கிறார். தேய்ந்த அச்சை எப்படி அடையாளம் காண்பது என்று நீங்கள் எனக்கு எழுதினீர்களே, அதைப் படித்துத்தான் வங்கி மூட்டையில் சரியான காசைத் தேர்ந்தெடுத்திருக்கிறார். “நல்லாத்தான் எழுதியிருக்கான். எனக்கே புரிஞ்சுது” என்று வேறு சொன்னார். இது இரட்டை அடி இல்லை என்று நீங்கள் சொல்வீர்கள், நான் உங்களைத் திருடன் என்று நினைப்பேன், அத்தோடு கடிதம் நின்றுவிடும் என்பது அவர் கணக்கு. அப்படியே நடந்தது. போதாதென்று தலைமையாசிரியருக்கும் எழுதியிருக்கிறார்.

“என் காசு எங்கே அண்ணா?”

“பஸ்ல குடுத்துட்டேன்.”

“எந்த பஸ்?”

“தாம்பரம் வர்ற பஸ்தான். எந்த பஸ்னா என்ன? கண்டக்டர் பையில போட்டுட்டான். போயிடுச்சு.”

இப்போது அது எந்த டீக்கடையில், எந்தக் கையில் இருக்கிறதோ!

உங்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன். எந்த வார்த்தையில் கேட்டால் போதும் என்று தெரியவில்லை. பொன்னுரங்கம் அவர்களுக்கு நடந்ததை எழுதிவிட்டேன். அவரிடம் பள்ளியின் பெயரைக் கேட்டு வாங்கி, உங்கள் தலைமையாசிரியருக்கும் என் பெயரும் கையெழுத்தும் போட்டு எழுதிவிட்டேன். அதில் அண்ணன் பெயரைச் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னேன்.

திரிபுரசுந்தரி

பதில் எழுதுவதானால்: மே/பா. அருள்மேரி, கூடுவாஞ்சேரி.


படப்பை
13-5-1990

திரிபுரசுந்தரி அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தைப் பிரிப்பதற்கு முன், உறை ஏற்கெனவே பிரித்து ஒட்டியதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். படித்த பிறகு, பழைய கடிதங்களை எடுத்துக் கையெழுத்தை ஒப்பிட்டேன். இதையும் உங்கள் அண்ணன்தான் எழுதினாரோ என்று. இப்படி ஆகிவிட்டேன் நான்.

விடுமுறை ஸ்பெஷல் கிளாஸுக்குப் போனபோது தலைமையாசிரியர் உங்கள் கடிதத்தை என் முன்னாலேயே படித்தார். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, “போய் கிளாஸ் எடுங்க சார்” என்றார். வேலை பிழைத்தது. ஆனால் ஆசிரியர் அறையில் ஒருவர் நேற்றுக்கூட, “என்ன சார், இந்த மாசம் லெட்டர் வரலியா?” என்று கேட்டுச் சிரித்தார். உங்கள் கடிதத்தை ஒவ்வொருவர் கையிலும் கொடுத்துப் படிக்கச் சொல்ல முடியுமா?

‘மன்னித்துவிட்டேன்’ என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். கை வரவில்லை. காசை மாற்றியவர் உங்கள் அண்ணன். என்னைத் திருடன் என்று எழுதியவர் நீங்கள். ஒரு கேள்விகூடக் கேட்காமல் எழுதினீர்கள். நானும் உங்களைப் பற்றிக் கேவலமாகத்தான் நினைத்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நான் நல்லவனாகிவிடுவேன்.

இன்னும் ஒன்று அரிக்கிறது. அந்தக் காசை நான் பார்க்கவே இல்லை. உண்மையான இரட்டை அடியை இத்தனை வருடத்தில் ஒருமுறைகூட என் கையில் வைத்துப் பார்த்ததில்லை. படித்ததைத்தான் எழுதிக்கொண்டிருந்தேன். என்னிடம் வர வேண்டியது ஒரு கண்டக்டர் பைக்குள் போய்விட்டது. அது உண்மையில் அப்படித்தான் இருந்ததா? நீங்கள் ஒருவர்தான் சாட்சி.

இத்துடன் நிறுத்திக்கொள்வது இருவருக்கும் நல்லது என்று அக்கா சொல்கிறாள். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது.

யேசுதாசன்


கூடுவாஞ்சேரி
17-6-1990

யேசுதாசன் சார்,

நிறுத்திக்கொள்ளலாம் என்று எழுதியிருந்தீர்கள். ஒரு மாதம் நிறுத்திப் பார்த்தேன்.

நான் இப்போது அருள்மேரி வீட்டு மாடியில் ஓர் அறையில் இருக்கிறேன். அண்ணனோடு சண்டை போட்டுவிட்டு வரவில்லை. ஒவ்வொரு நாளும் தபால்காரர் மணி அடிக்கும்போது வீட்டில் எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இருப்பது தாங்கவில்லை. பெட்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அண்ணி வாசல் வரை வந்து கேட்டைத் திறந்துவிட்டார்.

காசு அப்படித்தான் இருந்ததா என்று கேட்டிருந்தீர்கள். அப்படித்தான் இருந்தது. படம் எடுத்து வைக்கவில்லை. வேறு யாரும் லென்ஸில் பார்க்கவில்லை. நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். நான் ஒரு கேள்வியும் கேட்காமல் உங்களைத் திருடன் என்று எழுதினேன் என்கிறீர்கள். ஆமாம். அண்ணன் சொன்னதை நம்புவது எனக்குச் சுலபமாக இருந்தது. முப்பத்திரண்டு வருடமாக அவர் சொன்னதையே நம்பிப் பழக்கம்.

போன வியாழக்கிழமை தாம்பரம் ஸ்டேஷனில் அண்ணன் எனக்காகக் காத்திருந்தார். கையில் அண்ணி கொடுத்தனுப்பிய ஊறுகாய்ப் பாட்டில். இளைத்திருந்தார். பிளாட்பாரத்தில் அவ்வளவு கூட்டத்துக்கு நடுவில் நின்றுகொண்டு, “வீட்டுக்கு வந்துடும்மா. இனிமே உன் லெட்டர் எதையும் தொட மாட்டேன். சத்தியம்” என்றார். நான் பாட்டிலை வாங்கிக்கொண்டேன்.

“நான் பண்ணது தப்புதான். அப்பா இருந்தா அவரும் பயந்திருப்பார். அதான் பண்ணேன்” என்றார். பிறகு, “ஒண்ணே ஒண்ணு சொல்லு. நான் நிம்மதியாத் தூங்கறேன். அந்த வாத்தியாருக்கும் உனக்கும் நடுவுல ஒண்ணும் இல்லதானே?”

எனக்கு வந்த கடிதத்தை அவர் முதலில் பிரித்தபோது உள்ளே காசைப் பற்றிய பேச்சைத் தவிர எதுவும் இல்லை. அது உங்களுக்கும் தெரியும். அன்று கேட்டிருந்தால் அவர் முகத்தைப் பார்த்து, உரக்க, சிரித்துக்கொண்டே ‘இல்லை’ என்று சொல்லியிருப்பேன். வியாழக்கிழமையும் அதையே சொல்லத்தான் வாயைத் திறந்தேன். செங்கல்பட்டு வண்டி வந்துவிட்டது. கூட்டம் தள்ளியது. ஏறிவிட்டேன். ஜன்னல் வழியாகப் பார்த்தபோது அவர் இன்னும் பதிலுக்காக நின்றுகொண்டிருந்தார். வண்டி நகர்கிற வரை நேரம் இருந்தது. நான் சொல்லவில்லை.

வருகிற ஞாயிறு, 24-ஆம் தேதி, தாம்பரத்தில் சங்கக் கூட்டம். நான் வருகிறேன். நீங்கள் வந்தால் என் எதிரில் உட்கார்ந்து, என்மீது இன்னும் இருக்கிற கோபத்தை நேரில் சொல்லுங்கள். வராவிட்டால் புரிந்துகொள்வேன். இதற்குப் பதில் எழுத வேண்டாம்.

காட்டுவதற்கு என்னிடம் காசு எதுவும் இல்லை. இருந்தாலும் கொண்டுவர மாட்டேன்.

சுந்தரி